கன்னிமூலைக்கு ஓர் இளநீர்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. வழக்கம்போல எழுந்து, நாட்காட்டியில் முந்தின நாளின் தாளைக் கிழித்து, நாட்குறிப்பின் மேல் வரியில் வானிலையை எழுதினேன்: ‘காற்று அதிகம். மழை இல்லை.’ வாசலில் இருந்த குரோட்டன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பேப்பர் படித்து, மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கில் வைத்தேன். இரண்டு தோசை, ஒரு காப்பி. பிறகு நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டேன்.

உண்மையான காரணம் வேறு. செத்துப்போன ஒருவர் அன்று உச்சிக்கு இளநீர் குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். விடுப்பு விதிகளில் அதற்கு இடம் இல்லை.

அவரைச் சம்மதம் என்று கூப்பிடுவோம். வேறு பெயர் இருந்ததா என்று தெரியாது. நாஞ்சில்நாட்டில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களிடம் அதிகமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். அவருடைய தொழிலே அதுதான். யாராவது நிலம் விற்றாலோ, பாகம் பிரித்தாலோ, வயலை மனையாக மாற்றினாலோ, அந்த மண்ணை முன்னால் உடமையாக வைத்திருந்து செத்துப்போனவர்களிடம் போய் “குடுக்கட்டா?” என்று கேட்டு, சம்மதம் வாங்கித் தருவார்.

சிரிக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரிபார்த்த பிறகு, வங்கியின் வக்கீலே குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சம்மதம் பாத்தாச்சா?” என்று கேட்பார். எழுத்தில் கேட்கமாட்டார். ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆள் உயரம். முருங்கைக்காய் மாதிரி உடம்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. கையில் ஒரு கறுப்புக் குடை. வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிவேளையில்தான் வருவார். ராத்திரியில் கேட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “ராத்திரி எல்லா சவமும் வரும் மக்கா. உச்சிக்கு உடமஸ்தன் மட்டும்தான் வருவான்” என்றார்.

முறை எப்போதும் ஒன்றுதான். நிலத்தின் கன்னிமூலையில், அதாவது எந்த வேலைக்கும் நாங்கள் முதல் கல்லை வைக்கும் அந்தத் தென்மேற்கு மூலையில், எல்கைக்கல்லின்மேல் ஒரு செவ்விளநீரைச் சீவி வைப்பார். குடையை விரிப்பார். விரித்துத் தன் தலைக்குமேல் பிடிக்கமாட்டார். பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற தூரத்தில், காலி இடத்துக்குமேல் பிடிப்பார். இவர் வெயிலில் நிற்பார். பிறகு பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்லுவது போல, பழைய உடமஸ்தர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பேசுவார். நமக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கும்.

“வாரும்வே. சுகந்தானா? இல்ல, அந்தத் தென்னைய வெட்டல்ல… மண்டரி நோய் வந்து அதுவா செத்துப்போச்சு… அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நீரு இருக்கும்போதே ஒரு தேங்கா எவனுக்கும் தந்தது கிடையாது. இப்பமாவது கொஞ்சம் மனசு வையும்.”

சம்மதம் கிடைத்தால் குடையை மடக்கி, திரும்பிப் பார்க்காமல் நேரே வடக்காக நடந்து வெளியே போவார். அதற்குமுன் இளநீரைக் குடிப்பார். கூலி அதுமட்டும்தான். ஆனால் அந்தக் கூலியில் ஒரு சொட்டு விடமாட்டார். அண்ணாந்து குடித்து, காயை உலுக்கிப் பார்த்து, மறுபடியும் அண்ணாந்து, பிறகு இரண்டாக வெட்டச் சொல்லி, உள்ளே இருக்கும் வழுக்கையை மட்டைத் துண்டால் வழித்துத் தின்பார். “செத்தவனுக்கு எங்க அண்ணாச்சி பங்கு?” என்று கேட்டால், “அவன் மணத்தக் குடிச்சாச்சு. தண்ணி எனக்குள்ளது” என்பார். சம்மதம் கிடைக்காத நாளிலும் அப்படித்தான். “அவன் மாட்டேன்னு சொன்னா என் தொண்ட காயாதா?”

என் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும் என்பதால் பலர் என்னைப் பத்திரத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப்போவார்கள். அப்படித்தான் இவரை அடிக்கடி பார்க்க நேர்ந்தது.

அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் துபாயிலிருந்து வந்த ஒருவர் மனை வாங்கினார். சம்மதம் குடையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வாதாடினார். கடைசியில் திரும்பி, “பெரியவருக்குச் சம்மதந்தான். ஆனா அந்தப் பலாவ தொடப்பிடாதுங்காரு” என்றார்.

துபாய்க்காரர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். “அது கரெக்டா போர்ட்டிகோவுல வருது அண்ணாச்சி! எஞ்சினியர் துபாயில இருந்து பிளான் போட்டு அனுப்பியிருக்காரு!”

“எனக்குப் படம் காட்டி என்ன செய்ய? அவரு நிக்காரு, அவருகிட்ட காட்டும்” என்று குடையைச் சற்று நகர்த்திப் பிடித்தார்.

துபாய்க்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் மெள்ள அந்தக் காலி இடத்தை நோக்கி வரைபடத்தைப் பிடித்துக் காட்டினார். இன்றைக்கும் அந்த வழியாகப் போகிறவர்கள் பார்க்கலாம்: போர்ட்டிகோ கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு பலாமரம். சீசனில் பழம் விழுந்து கார் நசுங்கும். அவர் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனபோது, மரத்தை ஏன் வெட்டவில்லை என்ற கேள்விக்கு அவருடைய பதிலைத் தெளிவாக எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

தரகர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒருவர் நடுரோட்டில் வைத்துக் கத்தினார்: “உலகமே ஆன்லைன்ல பட்டா எடுக்கு. இந்த மனுசன் இருக்கது வர இந்த ஊரு முன்னேறாது. இவரு செத்தாத்தான் உருப்படும்!”

சம்மதம் கோபப்படவில்லை. “லே, யோசிச்சுப் பேசு. செத்தா நான் அந்தப் பக்கம்லா போய் இருப்பேன்? உன் பார்ட்டி ஒவ்வொண்ணுக்கும் அங்க உக்காந்து மாட்டேன்னு சொல்லுவேன் பாத்துக்க” என்றார். அந்தத் தரகர் அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

இதுவரை சொன்னது சிரிக்கிற விஷயம். இனிச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தேரூர் பக்கம் ஒரு தோப்பு விற்பனைக்கு வந்தது. விற்கிறவர் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்மதம் பெயர்களைக் கூப்பிட்டார். எல்லாம் சுமுகமாக முடிந்தது. ஆனால் குடையை மடக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, முடிஞ்சுல்லா?” என்றார் விற்கிறவர்.

“இன்னும் ஒரு ஆளு நிக்கி.”

“பத்திரத்துல உள்ள எல்லாரையும் கூப்பிட்டாச்சே?”

“பத்திரத்துல இல்ல. மண்ணுல நிக்கா. பொம்பள. பேரு சொல்லமாட்டேங்கா. மாராப்புக்குள்ள ஒரு கோழிக்குஞ்ச வச்சுக்கிட்டு நிக்கா.”

அப்போது தோப்பில் காற்று இல்லை. மேலே ஓலை அசையவில்லை. ஆனால் குடைத்துணி மட்டும், அடியிலிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல, லேசாக எழுந்து தாழ்ந்தது. விற்கிறவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில், குடியிருப்பவர்களுக்கே குடிசை மண் சொந்தமாகிவிடும் என்று பேச்சு வந்தபோது, தோப்பில் வேலை செய்து அங்கேயே குடியிருந்த ஒரு பெண்ணின் குடிசையை அவசரமாகப் பிரித்துப் போட்டார்களாம். மழைநாள். அவள் ஒரு குஞ்சை எடுக்க மறந்துவிட்டு, திரும்ப உள்ளே ஓடினாளாம். மூங்கில் சரிந்ததாம். இதை அவருடைய அம்மா சாகும் தறுவாயில் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பேத்தி வாய்க்கால் ஓரமாக, சானல்கரையில், சம்மதத்துக்கு அடுத்த குடிசையில் இருந்தாள். ஆகவே கதை அவருக்குத் தெரிந்திருக்க வழி உண்டு. இதை நான் அன்றே நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன். ஆனால் மறுநாள் பேத்தியைக் கேட்டபோது, குடிசையைப் பிரித்தது தெரியும், கோழிக்குஞ்சைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். அந்த வரியை அடிக்கோடிடாமல் விட்டேன். தோப்பில் ஒரு துண்டு பேத்தியின் பெயருக்கு எழுதப்பட்டது. இப்போது அங்கே ஓட்டுவீடு இருக்கிறது, கரண்டு இருக்கிறது, கோழி நிறைய இருக்கிறது.

இத்தனைக்கும் சம்மதத்துக்கு ஒரு கைப்பிடி மண் சொந்தம் கிடையாது. பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் வரும் சானலின் கரையில், புறம்போக்கில், தகரம் போட்ட ஒரு குடிசை. “உமக்கு ஒரு பட்டாவுக்கு எழுதிப் போடட்டா?” என்று கேட்டேன். “நான் எத்தன பேருகிட்ட கேட்டு அலையுதேன். எனக்குப் பொறவு ஒருத்தன் என்கிட்ட வந்து கேட்டு நிக்கணுமா? வேண்டாம்” என்றார்.

இப்போது என் விஷயம்.

எங்கள் அப்பா விட்டுப்போனது பத்து சென்ட் மனை. வாரிசு இரண்டே பேர்: நானும் தம்பி ராஜனும். ராஜன் பம்பாய்க்கு ஓட்டல் வேலைக்குப் போனான். கொஞ்சநாள் கடிதம் வந்தது. அங்கிருந்து வேறு எங்கோ போவதாக எழுதினான். பிறகு ஒன்றும் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் கல்யாணம் செய்ததாகவும் சேதி இல்லை. பட்டா எங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தது. நான் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் இருக்கிறேன். இப்போது இருக்கும் வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம், வீட்டை ஒழித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வீடு கட்ட வங்கிக் கடன் வேண்டும். கடன் வேண்டுமென்றால் கூட்டுப் பட்டாவில் இருக்கும் தம்பி கையெழுத்துப் போடவேண்டும், அல்லது செத்திருக்கவேண்டும்.

நான் எதையும் முறைப்படி செய்கிறவன். பம்பாய்க்கு ஆள் அனுப்பினேன். பேப்பரில் போட்டோ போட்டு விளம்பரம் கொடுத்தேன். பிறகு வழக்குப் போட்டேன். ஏழு வருஷம் சேதி இல்லாத ஆளை இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டம். கோர்ட்டு கருதியது. தாலுக்கா ஆபீஸ் கருதியது. வங்கி மேனேஜர், “ரொம்ப நல்லது சார்” என்று கை கொடுத்தார்.

என் மனைவி சரசு மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: “எல்லாம் சரிதான். அண்ணாச்சிய ஒருதடவ கூப்பிட்டுக் கேட்டிருங்கோ.”

கூப்பிட்டேன். நம்பிக்கையால் அல்ல, வரிசையில் ஒன்று விட்டுப்போகக்கூடாது என்பதால்.

அன்று உச்சிக்கு மனையில் நானும் சரசுவும் கொத்தனார் தாசனும் நின்றோம். சம்மதம் தாத்தாவைக் கூப்பிட்டார். தலையாட்டினார். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா பேசத் தொடங்கும்முன் தொண்டையில் ஒரு சின்ன செருமல் செருமுவார், பாதியில் நிறுத்திவிடுவார். வெயிலில் நின்றுகொண்டிருந்த சம்மதத்தின் தொண்டையிலிருந்து அந்தப் பாதிச் செருமல் வந்தது. இவருக்கு அப்பாவைத் தெரியும்; கேட்டிருக்கலாம். ஆனால் சரசு என் முழங்கையை இடித்தாள். குனிந்து பார்த்தேன். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை நான் எப்போதோ இறக்கிவிட்டிருந்தேன்.

“ரெண்டு பேருக்கும் சம்மதம்” என்றார். பிறகு, “மக்கா ராஜா… ராஜன்…” என்று கூப்பிட்டார்.

குடையை நகர்த்திப் பிடித்துக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். அவர் செத்தவர்களோடு சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன், கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். சும்மா நின்று பார்த்ததில்லை. சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. அவர் மெள்ளக் குடையை மடக்கினார். அந்தக் காலி இடத்தில் வெயில் விழுந்தது. அதற்குமுன் அங்கே குடையின் நிழல் மட்டும்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரோ அங்கிருந்து போனதுபோல இருந்தது என்று சொல்லமுடியவில்லை. யாரும் வரவே இல்லை என்பதுபோல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“ஆளக் காணல்ல” என்றார்.

“காணல்லன்னா?”

“உங்க அப்பா நிக்காரு, தாத்தா நிக்காரு. அவன் அந்தக் கூட்டத்துல இல்ல.”

“பின்ன எங்க?”

சம்மதம் என்னைப் பார்த்தார். “நீ நிக்கப்பட்ட பக்கந்தான் மக்கா.”

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மதம் கன்னிமூலைக்குப் போய் இளநீரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்து, வழுக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, வடக்காக நடந்து போனார்.

அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்ட ஆள் வரவில்லை. தாசனைத் தேடிப் போனேன்.

“சாறே, நான் சபைக்குப் போறவன். இந்த மாடன், பேயி, உச்சிக்கு வாற உடமஸ்தன், இதிலெல்லாம் எனக்குத் துளி நம்பிக்க கிடையாது” என்றான்.

“நல்லதுதானே. நாளைக்கு வந்திரு.”

“வரமாட்டேன்.”

“ஏன்டே?”

“உயிரோட இருக்க ஒருத்தன் மண்ணுல அவன் அறியாம குழி தோண்டுனா, அது வீட்டுக்குத் தோண்டுன குழியாவா இருக்கும்?”

வேறு கொத்தனார்களைக் கேட்டேன். எல்லோரும் தாசன் என்ன சொன்னான் என்று கேட்டார்கள். கோர்ட்டு சம்மதித்தது, வங்கி சம்மதித்தது, மண்வெட்டி பிடிக்கிறவன் சம்மதிக்கவில்லை. சரசுவோ சமையலறையில் பேச்சையே நிறுத்திவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் ராஜனுக்குப் பிடித்த மாங்காய்ப் புளிசேரி அடிக்கடி வர ஆரம்பித்தது.

கோபத்தோடு சானல்கரைக்குப் போனேன். சம்மதம் கயிற்றுக்கட்டிலில் சுருண்டு கிடந்தார். காய்ச்சல். குடை சுவரில் தொங்கியது. என்னைக் கண்டதும், “இளநி கொண்டு வந்தியா?” என்றார்.

“அண்ணாச்சி, வீட்ட ஒழிச்சுக் குடுக்கச் சொல்லியாச்சு. எனக்குப் போக வேற இடம் கிடையாது. ஒரே ஒரு வார்த்த சொல்லும். ராஜன் வந்தான்னு சொல்லும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் எழுந்து உட்கார நேரம் பிடித்தது. “சொல்லலாம். கோர்ட்டு செத்தான்னு சொல்லியாச்சு. தாலுக்கா ஆபீஸு சொல்லியாச்சு. கூடப் பொறந்த நீயும் கையெழுத்துப் போட்டாச்சு. இனி நானும் சொல்லிட்டா, அவன் ஒருநாளு பஸ்ஸ விட்டு இறங்குனா எங்க போய் நிப்பான்? நிக்கதுக்கு ஒரு அடி வேணும்லா?”

நான் சுவரில் தொங்கிய குடையைப் பார்த்தேன். குடிசைக்குள் சானல் தண்ணீரின் சத்தம் கேட்டது.

அவரே இரங்கினார். “ஒண்ணு செய்வோம். எனக்கு நாளு வந்தாச்சு. அங்க போய்ப் பாத்துச் சொல்லுகேன். கூட்டத்துல ஒளிஞ்சு நிக்கானோ என்னமோ. அவனுக்குப் பண்டே வெக்கம் சாஸ்தி.”

“எப்பிடிச் சொல்லுவேரு?”

“ஆடி வெள்ளிக்கு உச்சிக்கு ஒரு செவ்வெளநி கன்னிமூலையில வய்யி. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போ. அவன் அங்க உண்டும்னா நாங்க ரெண்டு பேருமா வந்து குடிச்சுத் தீத்திருவோம். நீ ராசியா வீடு கெட்டிக்க. அவன் இல்லன்னா எனக்குள்ள பாதிய நான் குடிப்பேன். அவனுக்குள்ளது அங்க கெடக்கும்.”

இத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீரு! பாதிய மிச்சம் வய்ப்பேரு!”

“பரிகாசம் பண்ணாத. வேற ஒருத்தன் பங்க நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா?” என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார்.

அந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். மயானத்தில் பதிவு செய்தபோது பெயர் கேட்டார்கள், சம்மதம் என்றோம். தகப்பனார் பெயர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நாஞ்சில்நாட்டின் பாதிப் பேருடைய தாத்தா பெயரை மனப்பாடமாகக் கூப்பிட்டவரின் அப்பா பெயரை யாரும் கேட்டதே இல்லை. சில நாள் கழித்து ஜேசிபி வந்து, ஆக்கிரமிப்பு என்று குடிசையை வழித்து எடுத்துப்போனது. யாரிடமும் சம்மதம் கேட்கவேண்டி இருக்கவில்லை. குடையைத் தாசன் எடுத்துவைத்துக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்காரர் மகன் கல்யாணத்தைத் தள்ளிவைத்ததால் எங்களுக்கு ஆடிவரை தவணை கிடைத்தது. அதற்குமேல் இல்லை.

ஆகவே ஆகஸ்ட் 9. சந்தையில் நல்ல செவ்விளநீராகப் பார்த்து வாங்கினேன். உச்சிக்கு மனைக்குப் போய், கன்னிமூலைக் கல்லின்மேல் ஆடாமல் வைத்து, தலையைச் சீவினேன். தென்னோலை ஈர்க்கில் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன், விளிம்புவரை தண்ணீர். ஈர்க்கிலில் ஈரம் ஏறிய இடத்தில் நகத்தால் ஓர் அடையாளம் கீறிப் பையில் போட்டேன். சீவின மூடியைத் திரும்ப மேலே வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வடக்காக நடந்து, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். அங்கே தாசன் உட்கார்ந்திருந்தான்.

“என்னடே, வேலைக்குப் போவல்லியா?”

“சும்மா, ஒரு சாயா குடிக்க வந்தேன் சாறே.” அவன் வேலை செய்யும் இடம் மண்டைக்காட்டில். அங்கே சாயா கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை.

காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் காற்று சட்டென்று நின்றது. டீக்கடைக்காரர் பாய்லரைப் பார்த்தார். அதுவும் சத்தத்தை நிறுத்தியதுபோல இருந்தது. எனக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில், யாரோ ஒரு இளநீரைக் காதருகே வைத்து உலுக்கிப் பார்க்கிற சத்தம். நான் கேட்டேன் என்று எழுதமாட்டேன். தாசன் கையில் இருந்த கிளாஸ் வாய்வரை போய் அங்கேயே நின்றது என்று எழுதுகிறேன்.

காற்று திரும்ப வந்த பிறகு போனோம். இளநீர் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. மூடி மேலே இருந்தது. எறும்பு இல்லை. அணில் கொறித்த தடம் இல்லை. விரிசல் உண்டா என்று சுற்றிலும் தடவிப் பார்த்தேன், இல்லை. ஈர்க்கிலை விட்டு எடுத்தேன். ஈரம் அடையாளத்துக்குப் பாதியில் நின்றது.

வெயிலில் வற்றியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக இருக்கலாம். எவனாவது தாகத்துக்குக் குடித்திருக்கலாம். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் தாகத்துக்குக் குடிக்கிறவன் பாதியோடு நிறுத்தி, மூடியைத் திரும்ப வைத்துவிட்டுப் போவானா? அதைவிடப் பெரிய சந்தேகம்: ஆயுள் முழுவதும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காதவர், வழுக்கையைத் தொடாமல் போக எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்?

தாசன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். “பாதி கெடக்கு” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சரசு கேட்டாள், “என்னவாம்?”

“பாதி.”

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். கொழுந்தன் எங்கோ ஒரு ஊரில் இப்போது சாப்பிட்டிருப்பான் என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பம் கிழக்குப் பாதி அவனுக்குக் கெடக்கட்டும். மேக்குப் பாதியில நமக்கு ரெண்டு முறியும் ஒரு அடுக்களையும் போதும்” என்றாள். கடனும் அதற்குத் தகுந்ததாகப் போதும். காகிதத்தில் பத்து சென்டும் என் பெயரில்தான் இருக்கிறது. மண்ணில் ஐந்து ராஜனுடையது. அவன் பஸ்ஸை விட்டு இறங்கினால், எழுதிக் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும்.

மறுநாள் காலை முதல் வேலையாக, நாட்குறிப்பைக்கூடத் திறக்காமல், மனைக்குப் போனேன். தாசன் முளைக்கம்போடும் கயிறோடும் எனக்கு முன்பே வந்து நின்றான். மேற்கு எல்கையை ஒட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

“கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டு” என்றேன். “கன்னிமூலையில இருந்து வடக்கால ஒரு ஆளு நடந்து போக வழி விடணும். வடக்கு மதில்ல ஒரு வாசல் விடு. கதவு வேண்டாம்.”

யாருக்கு வழி என்று அவன் கேட்கவில்லை. முளையைப் பிடுங்கித் தள்ளி அடித்தான். சற்று விலகி நின்று பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, அதை மறுபடியும் பிடுங்கினான்.

“இது போதாது சாறே” என்றான். “அவரு குடைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுல்லா வருவாரு.”